சிந்தோக்குக்குத் திரும்பும் மருமகளுக்கு

ஜாசின்

அன்புள்ள மருமகளே,

உன் அம்மா நேற்று ராத்திரி போன் பண்ணினாள். அடுத்த வாரம் செமஸ்டர் தொடங்குகிறது, உன் பெட்டி இன்னும் அலமாரிக்கு மேலேயே கிடக்கிறதாம். கேட்டால் 'அப்புறம்மா' என்கிறாயாம். சாப்பாடும் சரியாக இறங்கவில்லையாம். படிப்பு கசந்துவிட்டதோ என்று அவளுக்குக் கவலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கசந்தவள் போன செமஸ்டரில் அந்த ரிசல்ட்டை வாங்கியிருக்க மாட்டாள்.

முதல் வருஷத்தை நினைத்துப் பார். வாடகை வேன் எடுத்து, பெரியப்பா, சித்தி, பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே உன்னோடு கிளம்பியது. சங்லூனில் இறங்கிப் பசியாறிவிட்டுத்தான் சிந்தோக் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தோம். பி.டி.பி.டி.என். கல்விக் கடனின் முன்பணம் 1,500 வெள்ளி கையில் இருந்தது. கோயில் தலைவர் உனக்குத் துண்டு போட்டுப் படம்கூட எடுத்தார். இரண்டாம் வருஷம் அப்பா மட்டும் மலாக்கா சென்ட்ரல் வரை வந்து பஸ் ஏற்றிவிட்டார். இந்த வருஷம் நீ போவதை ஒரு சேதியாகவே யாரும் பேசவில்லை. தாய்லாந்து எல்லைப் பக்கம், ஏறக்குறைய 600 கிலோமீட்டர்; அந்தத் தூரம் அப்படியேதான் இருக்கிறது. தூக்க வேண்டிய சாமானும் அப்படியே இருக்கிறது. கூட வருகிற ஆள்தான் வருஷா வருஷம் குறைந்துகொண்டு வருகிறது. மூன்றாம் வருஷம் போவது முதல் வருஷத்தைவிடப் பாரமாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வயிற்றுக் கலக்கம் நம் வீட்டுக்குப் புதிதும் இல்லை. பால்மரக் காலத்தில் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும் வரைக்கும்தான் வீடு. உன் பாட்டி வாழ்க்கைப்பட்டு வந்தது மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்துக்கு. அங்கே ஆள் குறைத்ததும் ஜாசின் பக்கம் வந்தோம். அங்கும் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டபோது லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தோம். ஒவ்வொரு தடவையும் லோரி வருவதற்கு முதல் நாள் அவருக்குச் சோறு இறங்காது. சட்டி பானையெல்லாம் மற்றவர்கள் ஏற்றுவார்கள். அவர் கறிவேப்பிலைக் கன்றைப் பால் டின்னில் பெயர்த்து, ஈரத்துணி சுற்றி, லோரியின் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். கன்று பிழைத்ததா என்று கேட்காதே. பாதி தடவை பட்டுப்போகும், பக்கத்து வீட்டில் வேறு கன்று வாங்கி நடுவார்.

விடுதி அறையும் அந்த லயத்து வீடு மாதிரிதான். ஆண்டு முடிந்தால் காலி செய். திரும்ப விண்ணப்பம் போடு. இடம் கிடைக்குமா, எந்த பிளாக், அறையில் யார் என்று காத்திரு. இரண்டு வருஷம் இருந்த இடத்துக்கே புதிதாகப் போவது போல் போக வேண்டியிருக்கிறது. அதனால், பாப்பா, பயம் போகட்டும், அப்புறம் பெட்டி கட்டலாம் என்று உட்கார்ந்திருக்காதே. கலக்கத்தோடேயே கட்டு.

ஆனால் உன் கலக்கத்தில் பாதிக்கு மேல் பணம் என்று எனக்குத் தெரியும். விடுதிக் கட்டணம், பயணச் செலவு, சோப்பு முதல் நோட்டுப் புத்தகம் வரை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுகிறது. கடன் பணமோ, செமஸ்டர் தொடங்கி, ரிசல்ட் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் கணக்கில் ஏறும். முன்பணம் என்பது முதல் தடவைக்கு மட்டும். நடுவில் உள்ள அந்தச் சில வாரத்தை எப்படி ஓட்டுவது என்பதுதான் உன் தொண்டையில் நிற்கிறது. அப்பா பத்து பெரெண்டாம் பேக்டரியில் ஓ.டி. செய்துவிட்டு வந்து, 'எவ்வளவும்மா வேணும்?' என்று கேட்பார். நீ 'இருக்குப்பா' என்பாய். அவரும் நம்பியது போல் தலையாட்டுவார். இந்த நாடகத்தை இந்த வருஷத்தோடு விடு. செலவை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடு. தொகை தெரிந்தால் மனுஷன் ஏதாவது வழி பார்ப்பார்; தெரியாமல் இருந்தால்தான் தூக்கம் கெடும். குறைகிற பணத்தை நான் தருகிறேன், இனாமாக இல்லை. கடன் பணம் ஏறியதும் எனக்குத் திருப்பிக் கொடு. அதிலேயே 200, 300 வெள்ளியை வேறு கணக்கில் ஒதுக்கிவை, அடுத்த செமஸ்டரின் முதல் வாரத்துக்கு. அதைத் தொடாதே. கைப்பேசி கவர் வாங்கக்கூடத் தொடாதே.

சாமான் விஷயம். வாளி, மேசைக் காற்றாடி, தோத்தோ மெத்தை, ஹேங்கர் கட்டு இதையெல்லாம் ஒவ்வொரு வருஷமும் மலாக்காவுக்கும் கெடாவுக்கும் இழுத்தடிக்கிறாயே, எதற்கு? சங்லூனில் வாடகை வீட்டில் இருக்கும் தோழி யாரிடமாவது ஒரு மூலை கேள். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் மாதம் ஆளுக்குச் சில வெள்ளிதான் வரும். அம்மா கட்டித் தருகிற நெத்திலி சம்பலுக்கு மட்டும் பெட்டியில் இடம் விடு, இல்லாவிட்டால் அவளோடு எனக்குச் சண்டை வரும்.

கடைசி நாள் ராத்திரி பஸ் வேண்டாம். விடிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, அன்றைக்கே பதிவு, அன்றைக்கே சாவிக்கு வரிசை என்றால் யாருக்கும் அழுகை வரும். பூலாவ் செபாங்கில் இ.டி.எஸ். ரயில் நிற்கிறது. வடக்கே நேராகப் போகிற வண்டி எல்லா நேரமும் இருக்காது. கிடைக்காவிட்டால் கோலாலம்பூர் சென்ட்ரலில் மாறிக்கொள். அலோர் ஸ்டாரில் பகலில் இறங்கு. அங்கிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் கிராப் கட்டுப்படியாகும். மாணவர் சலுகை உண்டா என்று கேட்டு வாங்கு, வாய் வலிக்காது. விடுதி எந்தத் தேதி திறக்கிறதென்று பார்த்து, முடிந்தால் வகுப்புக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்விடு. காலி விடுதியில் முதல் ராத்திரி நன்றாக இருக்காது, பொய் சொல்லவில்லை. அம்மாவுக்கு போன் போடு, அவளும் தூங்காமல்தான் இருப்பாள். மறுநாள் அறையைக் கூட்டி, விரிப்புப் போட்டு, கேன்டீனில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தால் பாதி சரியாகிவிடும்.

மூன்று நான்கு வாரம் ஆகியும் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் அது வேறு. அப்போது பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங் பிரிவுக்குப் போ. 'பைத்தியமா' என்று நம் ஆட்களில் யாராவது கேட்பார்கள்; கேட்டுவிட்டுப் போகட்டும்.

தீபாவளிக்கு வருகிற டிக்கெட்டையும் இப்போதே எடுத்துவிடு, அப்புறம் ஒரு சீட்டும் மிஞ்சாது. செவ்வாய்க்கிழமை என் காரைச் சர்வீசுக்கு விடுகிறேன். மற்ற எந்த நாளானாலும் பூலாவ் செபாங் வரை நானே கொண்டுவந்து விடுகிறேன். தேதியையும் ரயில் நேரத்தையும் மட்டும் சொல்.

அன்புடன்,
மாமா