வீட்டிலேயே விசுவாசப் பாடம்

● குடும்ப ஜெபத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வைத்துவிடுங்கள். பிள்ளைகள் தூங்கி விழமாட்டார்கள். பத்து நிமிடம் போதும்.

● வாரம் முழுக்க ஒரே கதை சொல்லுங்கள். உதாரணமாக, லூக்கா 15-இல் வரும் காணாமற்போன ஆட்டின் கதைக்கு, ஒரு பொம்மையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துத் தேடச் சொல்லுங்கள். கிடைத்ததும் மேய்ப்பனின் சந்தோஷத்தைச் சொல்லுங்கள்.

● மனப்பாடத்துக்கு முதலில் சங்கீதம் 117, இரண்டே வசனம். பிறகு ஆறு வசனமுள்ள 23-ஆம் சங்கீதம், வாரம் ஒரு வசனமாக.

● பிள்ளை சொந்த வார்த்தையில் ஜெபிக்கட்டும். தாத்தா காய்ச்சலில் படுத்திருந்தால், அவரையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.

● காணிக்கைக் காசைக் கையில் கொடுக்கும்போதே, அது யாருக்கு உதவும் என்றும் விளக்குங்கள்.

● “இயேசப்பா அடிப்பார்” என்று மிரட்டாதீர்கள்.

● நீங்கள் கோபத்தில் கத்திவிட்டால், பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். மன்னிப்பின் முதல் பாடம் பெற்றோர்தான்.