எண்ணும் வழி இரண்டு

தோழியரே, ஓர் ஊரின் மக்கள்தொகையை அறிய என்ன செய்வோம்? நாள்தோறும் இறப்போரை எண்ணிக் கணக்கிடலாம். அல்லது வீடுவீடாகச் சென்று தலைகளையே எண்ணலாம். அரிய ஐசோடோப்புகளை அளக்கவும் இவ்வாறு இரு வழிகள் உண்டு.

உயிருள்ளவை யாவும் கார்பன்-14 அணுக்களைப் பெற்றுக்கொண்டே இருக்கின்றன. உயிர் நீங்கியதும் வரவு நின்றுவிடும்; இருப்பது 5,730 ஆண்டுகளில் பாதியாகும். எஞ்சியதை அளந்தால் வயது புலப்படும். இதைக் கண்டறிந்து 1960-இல் நோபல் பரிசு பெற்ற வில்லார்டு லிபி, சிதைவுகளையே எண்ணினார். ஒரு கிராம் புதிய கார்பனில் கார்பன்-14 அணுக்கள் ஏறத்தாழ 6,000 கோடி. ஒரு நிமிடத்தில் சிதைபவையோ சுமார் 14 மட்டுமே! எனவே கிராம் கணக்கில் பொருளும், நெடுநேரக் காத்திருப்பும் தேவைப்பட்டன.

1977-இல் புதுவழி பிறந்தது. அணுக்களை எதிர்மின் அயனிகளாக்கி, முடுக்கியில் விரைவுபடுத்தி, காந்தத்தால் எடைவாரியாகப் பிரித்து, கார்பன்-14ஐ ஒவ்வொன்றாக எண்ணுவதே அது. ஏறத்தாழ அதே எடையுள்ள நைட்ரஜன்-14 குழப்பாதா? நைட்ரஜன் எதிர்மின் அயனியாக நிலைப்பதில்லை, தொடக்கத்திலேயே விலகிவிடும். ஒரு மில்லிகிராம் கார்பனே போதும்.

இயேசுவின் திருவுடலைப் பொதிந்தது எனப் பலர் போற்றும் தூரின் நகர்த் திருத்துணியைப் பழைய முறையில் சோதித்தால் பெருந்துண்டு ஒன்று சாம்பலாகியிருக்கும். 1988-இல் அரிசோனா, ஆக்ஸ்போர்டு, சூரிச் ஆய்வகங்களுக்குத் தலா சுமார் 50 மில்லிகிராம் துணியே போதுமானதாயிற்று. கி.பி. 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்பது முடிவு. அதை உலகுக்கு அறிவித்தவர் தூரின் பேராயர் கர்தினால் பாலஸ்திரெரோவே. உண்மையை நாடுவோர் அளவுகோலுக்கு அஞ்சுவதில்லை!