ஆதரவு விலையும் தடை விலையும்

பங்குத் தரகு அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் சொற்கள் ‘சப்போர்ட்’, ‘ரெசிஸ்டன்ஸ்’. நம் மொழியில் ஆதரவு விலை, தடை விலை. கடை வைத்திருக்கும் நமக்குப் பெயர்தான் புதிது. மிளகாய் மூட்டை ஒரு விலைக்கு இறங்கியதும் ‘வாங்கிப் போடலாம்’ என்று நாலு பேர் கிளம்புகிறோம், இறக்கம் நின்றுவிடுகிறது. அது ஆதரவு. விலை மிக ஏறினால் அரைக் கிலோ வாங்குபவர் கால் கிலோவோடு போகிறார், இருப்பு வைத்தவர் சரக்கை வெளியே எடுக்கிறார். அது தடை.

மும்பை பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீட்டெண்ணைப் பார்ப்போம். 2008 ஜனவரியில் 21,200ஐத் தொட்டுச் சரிந்தது. 2010 நவம்பரில் 21,000 வரை ஏறி மீண்டும் திரும்பியது. உச்சத்தில் வாங்கி மாட்டிக்கொண்டவர், ‘போட்ட முதல் வந்தால் போதும்’ என்று விற்க வருவது அத்தகைய இடத்தில்தான். அந்தத் தடையைக் கடந்து நிலைக்க 2014 ஆகிவிட்டது.

ஆதரவின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. 2008 மார்ச்சில் 15,000ஐ ஒட்டி இறக்கம் நின்றது. ‘இதற்குக் கீழே போகாது’ என்று நம்பியவர்கள் உண்டு. ஜூனில் உடைந்தது. ஆகஸ்டில் 15,000ஐச் சற்றே தாண்டித் திரும்பியது. முன்பு தாங்கிய இடமே இப்போது தடுத்தது. அக்டோபரில் 8,000க்கும் கீழே போனது.

நம் பனியன் தொழிலின் மூலப்பொருளான பருத்தியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சந்தை விலை குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கீழே போனால் இந்தியப் பருத்திக் கழகம் வந்து வாங்குகிறது. 2025-26 பருவத்தில் நடுத்தர இழைப் பருத்திக்கு அந்த விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். மேலேயும் எல்லை உண்டு. 2022இல் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு லட்ச ரூபாயைத் தாண்டியபோது நூல் வாங்க இயலாமல் திருப்பூரில் மே 16, 17 தேதிகளில் வேலைநிறுத்தமே நடந்தது. அதற்கு முன்பே, ஏப்ரலில், மத்திய அரசு பருத்தி இறக்குமதி வரியை நீக்கியிருந்தது. பின்னர் விலை இறங்கியது.

பங்குக்கு அப்படி வாங்கியே ஆகவேண்டியவர் யாருமில்லை. வரைபடத்தில் உள்ள கோடு, முன்பு அந்த விலையில் ஆள் இருந்தார் என்பதை மட்டுமே காட்டும். நாளை மறுநாள் மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பணத்தை அந்தக் கோட்டை நம்பிப் போடுவது நமக்குச் சரியாகப் படவில்லை.

உபரிப் பணத்தில் வாங்குவோரும் வெளியேறும் விலையை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். 100 ரூபாய் ஆதரவு என்று கருதி 102க்கு 500 பங்குகள் வாங்கி, 98க்கு ‘ஸ்டாப் லாஸ்’ போட்டால் நஷ்டம் 2,000 ரூபாய் என்பது கணக்கு. ஆனால் கெட்ட செய்தி வந்து காலையில் சந்தை 90இல் திறந்தால், கிடைப்பது அந்த விலைதான், நஷ்டம் 6,000.