வானூர்திப் பயணச்சீட்டின் மொழி

கோவளம் முதல் மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் நம் கடற்கரை, பண்டு கலங்கள் வந்து சென்ற கரையாகும். பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடும் நீர்ப்பெயற்று என்னும் ஊர் மாமல்லபுரமே எனக் கருதும் ஆய்வாளரும் உளர். இன்று அயல்நாட்டுப் பயணம் கடல்வழி நீங்கி வான்வழியாயிற்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மீனம்பாக்கம், திரிசூலம் பகுதியில் அமைந்த விமான நிலையத்தின் வழியே நம்மவர் வளைகுடா நாடுகளுக்குப் பணிக்கும், உம்ராவுக்கும், உயர்கல்விக்கும் செல்கின்றனர். ஆயினும் கையிலுள்ள பயணச்சீட்டின் சொற்களைப் பொருளறிந்து படிப்பவர் சிலரே. அறியாத சொல் ஒன்றால் பல மாத உழைப்பின் பயனை இழப்பாரும் உளர். ஆகவே அச்சொற்களுள் இன்றியமையாத சிலவற்றை ஈண்டு காண்போம்.

கூலியும் உல்கும்

கலத்தில் பொருள் ஏற்றுவோர் கலக்காரருக்குக் கொடுப்பது கூலி. அரசுக்குக் கொடுப்பது உல்கு. காவிரிப்பூம்பட்டினத்தில் உல்கு கொள்வோர் பொருள்களுக்குப் புலிச்சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பயணச்சீட்டிலும் இவ்விரு பகுதிகள் உண்டு. விமான நிறுவனத்தைச் சேர்வது அடிப்படைக் கட்டணம். அரசையும் விமான நிலையத்தையும் சேர்வன வரி, பயனர் மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் முதலியன. இடையில் எரிபொருள் மிகைக்கட்டணம் என்று ஒன்று வரும். ‘ஒய்.க்யூ.’ என்னும் குறியீட்டோடு வரிகளின் வரிசையில் நிற்பதால் பலர் இதனை வரி எனக் கொள்வர். இது வரியன்று, நிறுவனத்தின் வருவாயே ஆகும்.

ஒரே வரிசை, வேறு விலை

அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்த இருவர் வெவ்வேறு கட்டணம் செலுத்தியிருப்பது எவ்வாறு? 1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுடைமையாக்கப்பட்ட காலத்தில் உள்நாட்டு வழித்தடங்களில் கட்டணம் பெரிதும் நிலையாக இருந்தது. அச்சட்டம் 1994இல் நீக்கப்பட்டபின் போட்டி வளர்ந்தது. விலையும் நாள்தோறும் மாறலாயிற்று. இருக்கை வகுப்பு வேறு, கட்டண வகுப்பு வேறு. சாதாரண வகுப்பு இருக்கைகளையே நிறுவனம் பல கட்டண வகுப்புகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தை இடுகிறது. மலிவான வகுப்பின் இடங்கள் தீர்ந்தபின் அடுத்தது திறக்கும். விலை குறையக் குறைய நிபந்தனைகள் கடுமையாகும் என்பதே பொதுவிதி. தேதி மாற்றம், நீக்கம், சுமை அளவு ஆகியவை அவ்வெழுத்தைப் பொறுத்தே அமையும்.

பதிவும் சீட்டும்

‘பி.என்.ஆர்.’ என்பது ஆறு எழுத்தோ இலக்கமோ கொண்ட பதிவுக் குறி. இஃது இடம் கேட்டு வைத்திருப்பதைக் காட்டுமேயன்றிப் பணம் செலுத்தப்பட்டதைக் காட்டாது. உரிய காலத்தில் சீட்டு வழங்கப்படாவிடின் அப்பதிவு தானே நீங்கும். சீட்டெண் பதின்மூன்று இலக்கம் கொண்டது; முதல் மூன்று நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176. முகவர் தந்த தாளில் பதிவுக் குறி மட்டும் இருந்தால் சீட்டெண்ணைக் கேட்டல் வேண்டும். குறைந்த கட்டண நிறுவனங்கள் சிலவற்றில் பதிவுக் குறியே சீட்டாகவும் பயன்படும். அங்குப் பதிவு உறுதியாயிற்றா என்பதை நிறுவனத்திடமே கேட்டறிதல் நன்று.

நேர் விமானம் என்பதும் மயக்கம் தரும் சொல்லே. அஃது இடையில் ஓர் ஊரில் இறங்கி, அதே எண்ணோடு தொடரலாம். எங்கும் இறங்காதது இடைநில்லா விமானம் எனப்படும். மேலும், இருவழிச் சீட்டில் செல்லும் பயணத்தை மேற்கொள்ளாது விட்டால், திரும்பும் பயணத்தையும் நிறுவனம் நீக்கிவிடுவது பெருவழக்கு.

திரும்பப் பெறும் உரிமை

‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற தொடரைக் கண்டதும் முழுத்தொகையும் போயிற்று என்றே பலர் கைவிடுகின்றனர். அது முழு உண்மையன்று. இந்திய வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, நீக்கக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் மிகைக்கட்டணமும் சேர்ந்த தொகையை விஞ்சலாகாது. சட்டப்படியான வரிகளும் நிலையக் கட்டணங்களும், பயணி வாராமலே இருந்துவிட்டாலும், சலுகைச் சீட்டாயினும், திருப்பித் தரப்படல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அடிப்படைக் கட்டணம் 6,000 ரூபாய், மிகைக்கட்டணம் 1,000 ரூபாய், வரியும் நிலையக் கட்டணமும் 1,500 ரூபாய் எனக் கொள்வோம். நிறுவனம் கொள்ளத்தக்கது 7,000 வரையே. எஞ்சிய 1,500 பயணிக்குரியது. முகவர் வழி வாங்கிய சீட்டாயினும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சாரும். அயல்நாட்டு நிறுவனங்கள் தத்தம் நாட்டு விதிகளைப் பின்பற்றும் என்பதையும் நினைவிற் கொள்க.

மாணவர் கடன்

பணம் கொடுக்குமுன் நான்கு வினாக்களைக் கேட்போம்: கட்டணத்தின் பகுப்பு யாது? சீட்டெண் உண்டா? தேதி மாற்ற எவ்வளவு? நீக்கினால் எவ்வளவு திரும்பும்? வீட்டிலுள்ள மூத்தோர்க்கும் கடல் கடந்து பிழைக்கச் செல்லும் அண்டை வீட்டார்க்கும் சீட்டைத் தமிழில் படித்துப் பொருள் சொல்லுதல் தமிழ் பயிலும் மாணவர் செய்யத்தக்க தொண்டு. கலைச்சொல் ஏட்டில் மட்டும் உறைந்தால் பயனில்லை. எளியவர் தம் பொருளைக் காக்கத் துணைநிற்கும்போதே அது வாழும் சொல்லாகும்.