கூழ் என்று எழுதலாமா, டீச்சர்?

ஆறாம் வகுப்பு அறிவியலில் முதல் பருவத்தில் 'உடல் நலமும் சுகாதாரமும்' என்ற பாடம் வருகிறது. ஊட்டச்சத்துகள், குறைபாட்டு நோய்கள், சரிவிகித உணவு எல்லாம் அதில் உண்டு. நடத்துவதற்கு எளிதான பாடம் என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். படம் வரையலாம், அட்டவணை போடலாம். தேர்விலும் பிள்ளைகள் நன்றாகவே எழுதிவிடுவார்கள்.

ஓர் ஆண்டு, ஒரு வாரம் முழுவதும் சாப்பிட்டதை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதிவரச் சொன்னேன். நல்ல உணவு உண்பவர்களுக்கு நட்சத்திரம் போடுவேன் என்றும் சொல்லிவைத்தேன். வந்த குறிப்பேடுகளைத் திருத்தும்போது மகிழ்ச்சியாக இருந்தது. பால், முட்டை, ஆப்பிள், கீரை, பருப்பு என்று எல்லாமே இருந்தன. எல்லோருக்கும் நட்சத்திரம் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவி தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்து, நிழலில் அமர்த்தி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். பதில் இல்லை. மீண்டும் கேட்டதும், "ஒண்ணும் சாப்பிடல டீச்சர்" என்றாள். முந்தின இரவு என்ன? "கூழு." அவளுடைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். முந்தைய வாரத்தின் ஐந்து நாள்களிலும் காலைக்கு நேராகப் பாலும் ஆப்பிளும் இருந்தன. பக்கத்தில் என் நட்சத்திரங்கள்.

பாடநூல் படத்தில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள். ஏன் என்று யோசித்தபோது, பாடம் தொடங்கிய நாளில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. "கூழ்னு எழுதலாமா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பு சிரித்தது. "அமைதி, அமைதி" என்று சொல்லிவிட்டு நான் அட்டவணைக்குப் போய்விட்டேன். அவன் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

எங்கள் பள்ளி இருப்பது ஆரணியை ஒட்டிய சேவூரில். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இங்கே வீட்டுக்கு வீடு தறியில் இருக்கிறது. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டி வேலை செய்வார்கள். வெயில் ஏறுமுன் அது முடிந்தாக வேண்டும். அப்பா குழித்தறியில் இறங்கினால் அம்மாவும் கூட வேண்டும். பாட்டி தார் சுற்றுவார். சேலை முடிந்தால்தான் கூலி. இப்படிப்பட்ட வீட்டில் காலை எட்டு மணிக்கு அடுப்பு பற்றவைப்பது எளிதல்ல. அரிசி இல்லாத வீடுகள் அல்ல இவை. ஆரணி அரிசிக்குப் பெயர்போன ஊரும்கூட. இல்லாதது காலை நேரம்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகள் பள்ளியில் பொங்கலும் கிச்சடியும் சாப்பிட்டுப் பழகுகிறார்கள். ஆறாம் வகுப்புக்கு வந்த ஜூன் மாதத்தில் அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. வீட்டிலோ, பிள்ளை பள்ளியில் சாப்பிடும் என்ற பழக்கத்தில் காலைச் சமையல் விட்டுப்போயிருக்கிறது. தம்பி பள்ளியில் சாப்பிட, அக்கா மதிய உணவு மணிவரை காத்திருக்கிறாள். ஆறாம் வகுப்பு ஆசிரியர்கள் முதல் பருவத்திலேயே இதைக் கவனிப்பது நல்லது.

பாடத்தை மறுபடி தொடங்கினேன். இந்தமுறை முதலில் என் காலை உணவைக் கரும்பலகையில் எழுதினேன்: 'பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், நேற்றைய வத்தக்குழம்பு.' வகுப்பில் ஒரு நொடி அமைதி. "நெசமாவா டீச்சர்?" என்றார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவும் என்று மருத்துவர்களே ஆய்வு செய்கிறார்கள் என்று சொன்னேன். பிறகு பெயர் எழுதாத சீட்டுகளைக் கொடுத்து, அன்று காலை சாப்பிட்டதை எழுதிப் பெட்டியில் போடச் சொன்னேன். நட்சத்திரம் கிடையாது. கூழ், பழையது, டீயும் பன்னும், ஐந்து ரூபாய் பொட்டலம் எல்லாம் வந்தன. 'ஒன்றுமில்லை' என்ற சீட்டுகள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

அந்தச் சீட்டுகளைப் பிரித்து வைத்தபோதுதான் பாடத்தின் வழி தெரிந்தது. காலையில் அடுப்பே தேவைப்படாத உணவுகள் கூழும் பழைய சோறும். முந்தின நாளே ஆகிவிடும். தறி வேலைக்கும் கழனி வேலைக்கும் இடையில் நம் முன்னோர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. அந்த இரண்டையும்தான் பிள்ளைகள் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். கூச்சத்தால் விட்டுவிட்டு, அந்த இடத்தில் வெறும் வயிற்றையோ பொட்டலத்தையோ வைத்திருக்கிறார்கள்.

அப்போது ஆடி மாதம். அம்மன் கோவிலில் கூழ் வார்க்கும்போது ஊரே சொம்போடு நிற்கும். "கோவில்ல குடிச்சா யாரும் சிரிக்க மாட்டாங்க, வீட்டுல குடிச்சேன்னு சொன்னாத்தான் சிரிப்பாங்க" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான். இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. ஒரு மாணவியின் பாட்டியை வகுப்புக்கு அழைத்தோம். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைப்பது, நொய்யை முக்கால் வேக்காடு வேகவிட்டு மாவுக் கரைசலை ஊற்றிக் கட்டிபடாமல் துழாவுவது, கையை நனைத்துக்கொண்டு தொட்டால் ஒட்டாத பதம், ஆறிய கூழை மறுநாள் மோர்விட்டுக் கரைப்பது என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். 'ஏன்' என்பதை மட்டும் நான் சேர்த்தேன். புளிக்கும்போது தானியத்தில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் பைட்டிக் அமிலம் குறைகிறது. அதனால் சத்து உடலில் சேர்வது எளிதாகிறது.

பிறகு கணக்கு. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் ஏறத்தாழ 350 மில்லிகிராம். அதே அளவு பாலில் 120 மில்லிகிராம் அளவில்தான். 10 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 850 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. ஒரு பிள்ளையின் கூழுக்கு 60 கிராம் மாவு என்றால் 210 மில்லிகிராம், அதாவது நாள் தேவையில் கால் பங்கு. கூழ் மட்டும் போதும் என்று இதற்குப் பொருளில்லை. புரதம் குறைவு. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையோ பயறோ கருவாடோ வேண்டும் என்பதையும் பேசினோம். கீரையின் இரும்பு உடலில் சேர எலுமிச்சையும் மாங்காயும் உதவும், சாப்பிட்டவுடன் குடிக்கும் டீ தடுக்கும். வீடுகளில் இந்த ஒரு செய்திதான் அதிகம் பேசப்பட்டதாம். டீயைத் தள்ளிவைக்கச் சொன்ன டீச்சர் என்று சில தறிக்காரர்களுக்கு என்மேல் வருத்தம்.

பொட்டலத்தைத் திட்டவில்லை. திட்டினால் ஒளித்து வாங்குவார்கள். காலி உறை ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். எடை 12 கிராம், விலை 5 ரூபாய். கிலோ என்ன விலை என்று வகுத்துப் பார்த்தார்கள்: 416 ரூபாய்க்கும் மேல். எங்கள் பக்கத்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்த பருப்பாகவே அதில் பாதி விலைகூட இல்லை. 30 கிராம் பருப்பை, ஒரு கைப்பிடிதான், தராசில் வைத்துப் பார்த்தோம். அதில் ஏழு கிராம் அளவுக்குப் புரதம், ஏறக்குறைய ஒரு முட்டைக்குச் சமம். அந்தக் கணக்கு அறிவுரையைவிடக் கொஞ்சம் வேலை செய்தது. முழுக்கச் செய்தது என்று சொல்ல மாட்டேன்.

இதிலிருந்து வகுப்புச் சுவரில் ஒரு பன்னிரண்டு கட்ட நாள்காட்டி வளர்ந்தது. சித்திரை முதல் பங்குனி வரை. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாதம் ஊரில் கிடைக்கும் உணவு ஒன்று, அதோடு வீட்டில் செய்யும் விளையாட்டு ஒன்று. விளையாட்டைச் சேர்க்கச் சொன்னது பிள்ளைகள்தான். நுங்கு தின்றபின் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளும் நுங்கு வண்டி சித்திரையில் வந்தது. 'விசையும் இயக்கமும்' பாடத்துக்கு அதையே வகுப்பில் உருட்டினோம். மணலில் ஏன் நிற்கிறது, சிமெண்டுத் தரையில் ஏன் ஓடுகிறது என்பதற்கு வேறு கருவி தேவைப்படவில்லை. பங்குனியில் புளி உடைக்கும் வீடுகளிலிருந்து புளியங்கொட்டை வந்தது. ஒரு பக்கம் தேய்த்துத் தாயக்கட்டையாக்கலாம், பல்லாங்குழியும் ஆடலாம். ஆவணிக்குப் பனம்பழம். சுட்ட பழத்தின் நாரைச் சப்பிவிட்டுக் கொட்டையை மண்ணில் புதைத்து வைத்தால் தை மாதம் கிழங்கு. இரண்டு கட்டங்களை ஒரே கோட்டால் இணைத்தவள் அன்று தலைசுற்றி உட்கார்ந்த மாணவி.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு செய்திகள். வேர்க்கடலை சிலருக்கு ஒவ்வாது. முதலில் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். கார்த்திகைக்கு மாவலி சுற்றும் வழக்கம் நம் மாவட்டத்தில் உண்டு. பனம்பாளையைச் சுட்டுக் கரியாக்கித் துணியில் கட்டி நெருப்பு வைத்துச் சுற்றும்போது பொறி பூவாகச் சிதறும். செய்முறையை வகுப்பில் பேசலாம். சுற்றுவது வீட்டில், பெரியவர்கள் உடன் இருக்கும்போது மட்டும்.

இப்போது வகுப்பு அலமாரியில் ஒரு டப்பாவில் கடலை உருண்டை இருக்கிறது. நானும் சில பெற்றோரும் மாற்றி மாற்றி நிரப்புகிறோம். காலையில் சாப்பிடாதவர் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். தறியில் அவசரச் சேலை ஏறும் முகூர்த்த மாதங்களில் டப்பா சீக்கிரம் காலியாகிறது. உணவுக் குறிப்பேட்டில் 'ஒன்றுமில்லை' என்றும் எழுதுகிறார்கள். அதைப் பார்த்த அன்றே அந்த வீட்டு அம்மாவிடம் பேசுகிறேன். பெரும்பாலும், "ராத்திரியே கூழ் காச்சி வெச்சிடறேன் டீச்சர், அது குடிச்சா சரி" என்கிறார்கள்.

நாள்காட்டியில் கார்த்திகைக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. வெல்லப் பாகில் பிடிக்க வேண்டியது நெல் பொரியா, அவல் பொரியா என்று இரண்டு பெஞ்சுகளுக்குள் வழக்கு. இரண்டு பக்கத்துப் பாட்டிகளையும் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறோம்.