காசு கேட்காத சென்னை

சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவுக்குப் பெயர் எழுதும்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "எனக்குப் பஸ்ஸில் போனால் தலை சுற்றும், டீச்சர், நான் வரவில்லை" என்றாள். நாள்தோறும் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வருபவள் அவள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு, நம் நகரில் டிசம்பர் மாதத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காமல் எவற்றையெல்லாம் பார்க்கலாம், கேட்கலாம் என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். தாளின் இரு பக்கமும் நிரம்பிவிட்டது. அந்தத் தாளைத்தான் இங்கே சற்று விரித்துத் தருகிறேன்.

பயணச் செலவை எண்ணித் தயங்க வேண்டாம். 2021ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அம்மாவும் பாட்டியும் கூட வரலாம்.

முதலில் பரங்கிமலை. அங்கே காத்திருக்கும் அன்னையின் திருநாள் டிசம்பர் 18. அரையாண்டுத் தேர்வின் நடுவே வரும் நாள்தான். ஆயினும் மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் மதிப்பெண் குறைந்துவிடாது. மலை ஏறும் 160 படிகளை அமைத்துக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டித் தந்தவரும் அவரே. உச்சியில் உள்ள கோயில் 1523இல் போர்த்துக்கீசியர் எழுப்பியது. பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவையைச் சுற்றி பஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்துகள் ஓடுவதை உற்றுப் பாருங்கள். இச்சிலுவையைப் புனித தோமையாரே செதுக்கினார் என்பது மரபு. எழுத்தமைதியை ஆராய்ந்தவர்கள் அது பல நூற்றாண்டு பிற்பட்டது என்பர். இரண்டையும் தெரிந்துகொள்வதில் தவறில்லை. விசுவாசம் வரலாற்றைக் கண்டு அஞ்சுவதில்லை.

மலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கணித ஆசிரியை இதைக் கேட்டு மகிழ்வார். 1802இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, இந்திய நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும் பணியின் அடிக்கோட்டை இம்மலையின் அருகிலிருந்துதான் அளந்தார். அதன் நீளம் ஏறக்குறைய ஏழரை மைல். அந்த முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வடக்கே நகர்ந்து இமயத்தை எட்டிய பிறகே எவரெஸ்ட்டின் உயரம் கணக்கிடப்பட்டது. மேலே நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது கண்ணுக்கு நேராகத் தெரியும். தம்பி தங்கைகளுக்கு அதுவே போதும்.

அடுத்தது ஒரு நடை. சாந்தோம் பேராலயத்தில் தொடங்குங்கள். இன்றைய கட்டடம் 1896இல் முடிந்தது. கீழே அப்போஸ்தலரின் கல்லறை. அங்கே பேசாமல் சற்று நேரம் உட்காருங்கள். பின்பு கச்சேரி ரோடு வழியாக மேற்கே நடந்தால் லஸ் வந்துவிடும். (இந்தக் கச்சேரி பாட்டுக் கச்சேரி அன்று, அலுவலகம், நீதிமன்றம் என்பது அச்சொல்லின் பழைய பொருள்.) லஸ் என்றால் போர்த்துக்கீசிய மொழியில் ஒளி. கடலில் வழி தவறிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி தோன்றிக் கரை காட்டியதாம். அதற்கு நன்றியாக எழுந்த பிரகாச மாதா கோயிலின் கல்வெட்டு 1516 என்ற ஆண்டைக் காட்டுகிறது. அக்காலத்தில் சுற்றிலும் காடாக இருந்ததால் முதியோர் இன்றும் 'காட்டுக் கோயில்' என்பர். இன்று காடு இல்லை, ஹாரன் சத்தம்தான்!

மயிலாப்பூர் வரை வந்த பின் பாட்டுக் கச்சேரியை விடலாமா? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனுடன் ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. மார்கழி இசை விழா அதிலிருந்து வளர்ந்தது. மாலைக் கச்சேரிகளுக்கு டிக்கெட் விலை நமக்கு எட்டாது. ஆனால் பல சபாக்களில் காலையிலும் பிற்பகலிலும் இளங்கலைஞர்கள் பாடுவதை யார் வேண்டுமானாலும் உள்ளே போய்க் கேட்கலாம். பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். உங்களைவிட நான்கைந்து வயதே மூத்த பெண் மேடையில் இருப்பாள். அவள் கண் நல்ல ரசிகர்களைத் தேடும். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காபி குடிக்கப் போகும் கூட்டத்தோடு நீங்களும் போய்விடாதீர்கள். அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை முதன்முதலில் பெற்ற பெண்மணி எம். எஸ். சுப்புலட்சுமி; அது நடந்தது 1968இல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"அது நம் சங்கீதமா?" என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவலை 1879இல் தந்தவர். பெண் கல்விக்காக எழுதியவர். அவருடைய கீர்த்தனைகள் இம்மேடைகளில் ஒலிக்கின்றன. ஆகவே நம்முடையதும்தான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்று வழங்குவது அர்மீனியன் தெருவே. அங்குள்ள 1772ஆம் ஆண்டு அர்மீனியர் கோயிலுக்குக் காலையில் போங்கள். பிற்பகலில் கதவு அடைத்துவிடும். 1794இல் உலகின் முதல் அர்மீனிய இதழைச் சென்னையில் அச்சிட்ட குருவானவர் அங்கே துயில்கிறார். அதே தெருவில் புனித அந்தோனியாரையும் சந்தித்து வரலாம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு. அதனால் என் தாளில் அதைச் சேர்க்கவில்லை. அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் காசு கேட்பதில்லை. எங்கே போனாலும் தண்ணீரும் பள்ளி அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

திருநாளன்று மாலை அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியை மலையடிவாரத்தில் பார்த்தேன். தம்பியை அழைத்து வந்திருந்தாள். அவன் உரக்க எண்ணிக்கொண்டே மேலே ஏறினான். உச்சியில் அவன் கணக்கு 157 என்று நின்றது. "160 என்று டீச்சர் சொன்னாங்களே!" என்றாள் அக்கா. மறுபடி எண்ணுவதற்காக அவன் கீழே ஓடினான். அவளும் பின்னாலேயே ஓடினாள்.