பினிசியில் ஏறும் முன்

அன்பு மகளுக்கு,

தோழிகளோடு இந்தோனேசியாவின் லாபுவான் பாஜோ போய், பாய்க்கப்பலிலேயே மூன்று நாள் தங்கிக் கொமோடோ தீவுகளைச் சுற்றப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தீவுகளைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உன் சித்தப்பா நான் கப்பலைப் பற்றிச் சொல்கிறேன்.

நீ ஏறப்போகும் கப்பல் வகையின் பெயர் பினிசி. தெற்கு சுலவேசியில் தானா பெரு, பீரா ஆகிய கடலோர ஊர்க்காரர்களின் கைவேலை. வரைபடம் வைத்துக் கட்டுவதில்லை. மூத்த தச்சரின் மனக்கணக்குத்தான் எல்லாம். முதலில் அடிமரமான ஏரா மரத்தைக் கிடத்துவார்கள். அதன் இருபுறமும் பலகைகளை மர முளை அடித்து ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து உடலை எழுப்புவார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே வங்குக்கால்கள் எனும் விலாச்சட்டங்களைப் பொருத்துவார்கள். விலாச்சட்டத்தை முதலில் நிறுத்திப் பலகை அடிக்கும் முறைக்கு இது நேர் தலைகீழ். இந்தக் கலையை யுனெஸ்கோ 2017இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முழுத் தகுதி உண்டு என்பேன்.

இரண்டு பாய்மரம், ஏழு பாய். முகப்பில் மூன்று முக்கோணப் பாய்கள், மரத்துக்கொன்றாக இரண்டு பெரிய பாய்கள், அவற்றின் தலைக்கு மேல் இரண்டு சிறியவை. பெரிய பாயைத் தாங்கும் சாய்ந்த கழி எப்போதும் மேலேயே நிற்கும். அதனால் பாயை ஏற்றி இறக்கும் வேலையில்லை. ஜன்னல் திரையை ஒதுக்குவதுபோல மரத்தை நோக்கி இழுத்துச் சுருக்கிவிடுவார்கள். மாலுமிகள் கயிறு பிடிக்கும்போது பக்கத்தில் நின்று பார், தவறவிடாதே.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள். சரக்கேற்றிய பினிசிகளுக்கு 1970களிலேயே இன்ஜின் வந்துவிட்டது. இன்றைய சுற்றுலாப் பினிசிகளும் பெரும்பாலும் இன்ஜினில்தான் ஓடுகின்றன. சிலவற்றில் பாய்மரம் வெறும் அலங்காரம். பயணத்தில் பாய் விரிப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடு. காற்று வாய்த்து இன்ஜினை நிறுத்தும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே இந்தப் பயணம் போகலாம்.

அந்தக் கடல் பார்வைக்குக் குளம்போல இருக்கும், நம்பாதே. வடக்கே ஃபுளோரஸ் கடல், தெற்கே இந்தியப் பெருங்கடல் பக்கத்து நீர். இரண்டுக்கும் நடுவில் தீவுகளுக்கிடையே குறுகலான கால்வாய்கள். ஓதம் ஏறி இறங்கும்போது அத்தனை தண்ணீரும் அவற்றின் வழியாகப் பாய்ந்தாக வேண்டும். அந்த நீரோட்டம் அடியிலிருந்து சத்துகளைக் கிளறி மேலே கொண்டுவருகிறது, மிதவையுயிர்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்ன மாண்டா திருக்கைகள் வருகின்றன. திருக்கையைக் கொண்டுவரும் அதே நீரோட்டம்தான் நீந்துபவரையும் இழுத்துக்கொண்டு போகும். வழிகாட்டி இறங்கச் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் மட்டும் இறங்கு.

கொமோடோ 1980 முதல் தேசியப் பூங்கா, 1991 முதல் உலகப் பாரம்பரியக் களம். அங்குள்ள உடும்பு மூன்று மீட்டர் வரை வளரும். கடியில் விஷமும் உண்டு. வனக் காவலரை விட்டு ஓரடி விலகாதே. இளஞ்சிவப்புக் கடற்கரையில் மணலை அள்ளிப் பார்: வெள்ளை மணலோடு செந்நிற நுண்ணுயிர்களின் ஓட்டுத் துகள்கள் கலந்திருக்கும். பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிடு, பையில் போடாதே.

டிசம்பர் முதல் மார்ச் வரை மழையும் அலையும் மிகுதி. ஏப்ரலுக்குப் பிறகு போவதே நல்லது. விலை மலிவு என்று எந்தக் கப்பலிலும் ஏறிவிடாதே. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, வானொலித் தொடர்பு வேலை செய்கிறதா, கீழ்த்தள அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி உண்டா என்று கேள். அது மரக்கப்பல்; தீயும் உள்ளே புகும் நீரும் அவகாசம் தராது. துறைமுக அதிகாரி புறப்பாட்டைத் தடுத்தால் கேப்டனிடம் வாதாடாதீர்கள், கரையிலேயே தங்கிவிடுங்கள்.

கப்பலின் பெயரையும் தேதியையும் முடிவு செய்ததும் எனக்கு எழுது. பணம் கட்டும் முன்பு எழுது.

அன்புடன்,
சித்தப்பா